கடலோரக் காவல் படை: வடசென்னைக் கரையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காசிமேட்டு ஏலக்கூடத்திலும் திருவொற்றியூர், எண்ணூர்க் குப்பங்களிலும் கடலோரக் காவல் படையைப் பற்றிப் பேச்சு எழாத மாதம் இல்லை. போன படகு நேரத்துக்குத் திரும்பவில்லை என்றால் அந்தப் பேச்சு வரும். கரையில் எண்ணெய் ஒதுங்கினால் வரும். நடுக்கடலில் வெள்ளைக் கப்பல் நிறுத்தி அடையாள அட்டை கேட்டாலும் வரும். கடலுக்குப் போகும் வீட்டில் பிறந்து, கப்பல்களைப் பற்றிப் படிப்பதையும் விடாமல் வைத்திருப்பதால் என்னிடம் நிறையப் பேர் கேட்கிறார்கள். திரும்பத் திரும்ப வருகிற கேள்விகளை இங்கே எழுதி வைக்கிறேன். மற்ற நாடுகளில் இந்தப் படை எப்படி இருக்கிறது என்பதையும் சேர்த்திருக்கிறேன். அதைத் தெரிந்துகொண்டால்தான் நம் படையிடம் எதைக் கேட்கலாம், எதை வேறு இடத்தில் கேட்க வேண்டும் என்பது விளங்கும்.

சாம்பல் கப்பலும் வெள்ளைக் கப்பலும் ஒரே படைதானே?

இல்லை. சாம்பல் நிறத்தில் நிற்பது கடற்படைக் கப்பல். வெள்ளை உடலில் சாய்வாக நீலப் பட்டை போட்டிருப்பது இந்தியக் கடலோரக் காவல் படையின் கப்பல். இரண்டு படைகளும் பாதுகாப்பு அமைச்சகத்தின் கீழ்தான் இருக்கின்றன. ஆனால் சட்டம் வேறு, தலைமை வேறு, வேலையும் வேறு. கடற்படை போருக்குத் தயாராக இருக்க வேண்டியது. காவல் படைக்கு அன்றாட வேலை: கடத்தலைத் தடுப்பது, வெளிநாட்டு மீன்பிடிக் கப்பல் நம் பகுதியில் வலை போடாமல் பார்ப்பது, கடலில் உள்ள எண்ணெய்க் கிணறுகளைக் காப்பது, தத்தளிப்பவர்களை மீட்பது, எண்ணெய் கொட்டினால் அடக்குவது.

தனிப் படை வேண்டும் என்ற எண்ணம் எழுபதுகளில் வந்தது. அப்போது மேற்குக் கரையில் தங்கமும் கைக்கடிகாரமும் படகு படகாகக் கடத்தி வரப்பட்டன. 1974-ல் மும்பைக்கு அப்பால் கடலில் உள்ள பாம்பே ஹையில் எண்ணெய் கிடைத்தது. அதே ஆண்டு கே.எஃப். ருஸ்தம்ஜி தலைமையில் அமைந்த குழு, கடற்படைக்கும் காவல்துறைக்கும் நடுவில் ஒரு படை தேவை என்று பரிந்துரைத்தது. 1976-ல் வந்த கடல் மண்டலச் சட்டம் கரையிலிருந்து 200 கடல் மைல் வரை இந்தியாவுக்குப் பொருளாதார உரிமை கொடுத்தது. அவ்வளவு பெரிய பரப்பைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டுமே! 1977 பிப்ரவரி 1 அன்று, கடற்படை கொடுத்த இரண்டு பழைய ஃபிரிகேட் கப்பல்களோடும் ஐந்து ரோந்துப் படகுகளோடும் இந்தப் படை இடைக்கால ஏற்பாடாகத் தொடங்கியது. 1978 ஆகஸ்டில் தனிச் சட்டத்தோடு முழுமையாக நிலைபெற்றது. கிழக்குப் பிராந்தியத் தலைமையகம் நம் சென்னையில்தான் இருக்கிறது.

அப்போ மெரைன் போலீஸ் யாரு? கரையில நம்மளை நிறுத்துறது அவங்கதானே?

அவர்கள் தமிழ்நாடு காவல்துறையைச் சேர்ந்தவர்கள், கடலோரப் பாதுகாப்புக் குழுமம். மாநில அரசின் ஆட்கள். 2008 நவம்பரில் மும்பைத் தாக்குதல் நடந்தது. வந்தவர்கள் ஒரு மீன்பிடி விசைப்படகைக் கைப்பற்றி அதில்தான் கரையை நெருங்கினார்கள். அதற்குப் பிறகு நாடு முழுக்கக் கடலோரக் காவல் மூன்று அடுக்காக மாற்றி அமைக்கப்பட்டது. கரையோரத் தண்ணீரை மெரைன் போலீஸ் பார்க்கிறது. அதற்கு வெளியே காவல் படை. மொத்தப் பொறுப்பு கடற்படைக்கு. 'சாகர் கவச்' என்ற கடலோரப் பாதுகாப்பு ஒத்திகை நாட்களில் படகுக்குப் படகு சோதனை நடப்பது இந்த ஏற்பாட்டின் ஒரு பகுதிதான்.

மீன்பிடிச் சட்டம், தடைக்காலம், வலையின் கண்ணளவு, படகு உரிமம் எல்லாம் 12 கடல் மைலுக்குள் மாநில மீன்வளத் துறையின் கையில். ஒரு கடல் மைல் 1.852 கிலோமீட்டர், 12 கடல் மைல் என்றால் ஏறக்குறைய 22 கிலோமீட்டர். நெல்லூர்ப் பக்கம் ஆந்திரப் படகுகளோடு வரும் தகராறும் இரு மாநில மீன்வளத் துறைகளும் பேசித் தீர்க்க வேண்டிய விஷயம். அதற்குக் காவல் படையிடம் மனு கொண்டுபோனால் அலைச்சல்தான் மிஞ்சும்.

கடலுக்குள்ள ஆபத்துன்னா யாருக்குச் சொல்லணும்?

1554. இது காவல் படையின் கட்டணமில்லா எண். மெரைன் போலீசின் எண் 1093. இரண்டையும் வீல்ஹவுஸ் கதவில் பெயின்ட்டால் எழுதி வையுங்கள். கைபேசியில் மட்டும் இருந்தால் போதாது. கைபேசி நனைந்து போகும், சார்ஜ் தீர்ந்து போகும்.

கரையை விட்டுச் சில மைல் தாண்டியதும் சிக்னல் போய்விடும். அங்கே வி.எச்.எஃப். வயர்லெஸ்ஸின் 16-ஆம் சேனல்தான் உயிர்நாடி. உலகம் முழுக்கக் கப்பல்கள் காது கொடுத்து வைத்திருக்கும் சேனல் அது. அதில் அரட்டை அடிக்காதீர்கள் என்று பெரியவர்கள் சொல்வதன் காரணமும் அதுதான். அதையும் தாண்டிப் போனால் இஸ்ரோ உருவாக்கிய அபாய அறிவிப்புக் கருவி, டாட். பொத்தானை அழுத்தினால் செய்தி செயற்கைக்கோள் வழியாகப் பெங்களூருவுக்குப் போய், அங்கிருந்து சென்னையில் இருக்கும் கடல்சார் மீட்பு ஒருங்கிணைப்பு மையத்துக்கு வந்துவிடும். பழைய கருவியில் செய்தி போனதா இல்லையா என்று படகில் இருப்பவருக்குத் தெரியாது. புதிய தலைமுறைக் கருவியில் 'கிடைத்தது' என்ற பதில் படகுக்கே திரும்பி வருகிறது. நடுக்கடலில் கைவிடப்பட்டோம் என்ற பயத்தில் இருப்பவனுக்கு அந்தப் பதில் எவ்வளவு பெரிது என்று நான் சொல்லத் தேவையில்லை.

பேசும்போது முதலில் சொல்ல வேண்டியது இடம். ஜி.பி.எஸ். காட்டும் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை அப்படியே படியுங்கள். அடுத்து, எத்தனை பேர் இருக்கிறீர்கள் என்பது. பிறகு என்ன நடந்தது, படகின் நிறம், பதிவு எண். இன்ஜின் நின்று போயிருந்தால் எந்தத் திசையில் இழுக்கிறது என்பதையும் சொல்லுங்கள். தேடுபவர்கள் நீங்கள் சொன்ன இடத்தில் மட்டும் தேடுவதில்லை. காற்றையும் நீரோட்டத்தையும் கணக்கிட்டு, இத்தனை மணி நேரத்தில் எங்கே போயிருப்பீர்கள் என்று பார்த்துத்தான் தேடுவார்கள்.

கரையில் இருக்கும் பெண்களிடம் ஒன்றை மன்றாடிக் கேட்கிறேன். 'இன்னும் ஒரு நாள் பார்ப்போம்' என்று காத்திருக்காதீர்கள். ஒரு நாள் கழித்துச் சொன்னால் தேட வேண்டிய பரப்பு பல மடங்கு விரிந்துவிடும். 2020-ல் காசிமேட்டுப் படகு ஒன்று மியான்மர் வரை அடித்துச் செல்லப்பட்டதை யாரும் மறந்திருக்க மாட்டோம். படகு பத்திரமாக வந்து சேர்ந்துவிட்டால், 'வந்துவிட்டார்கள்' என்று இன்னொரு போன் செய்துவிடுங்கள். அவ்வளவுதான், யாரும் திட்ட மாட்டார்கள்.

மீட்க வருவது காவல் படைக் கப்பலாகத்தான் இருக்கும் என்றும் இல்லை. மீட்பு மையம் அருகில் போகும் சரக்குக் கப்பலைத் திருப்பி அனுப்பும். ஆபத்தில் இருப்பவரைக் காப்பாற்றுவது சர்வதேசச் சட்டப்படி எந்த மாலுமிக்கும் கடமை. ஒரு பெரிய கன்டெய்னர் கப்பல் உங்களை நோக்கி வந்தால் பயப்பட வேண்டாம், வேலை நடக்கிறது என்று பொருள்.

நம்ம படையில என்னென்ன கப்பல் இருக்கு?

கரையிலிருந்து பார்த்தே அடையாளம் சொல்லலாம். சின்னதாய், மூக்கைத் தூக்கிக்கொண்டு நுரை கிளப்பிப் போவது இடைமறிப்புப் படகு. நீளம் 27 மீட்டர் அளவு, வேகம் மணிக்கு 45 கடல் மைல் வரை. அதாவது 83 கிலோமீட்டர். இந்தப் படகுகளுக்கு அடியில் தொங்கும் புரொப்பல்லர் கிடையாது. தண்ணீரை உள்ளே இழுத்துப் பின்னால் பீய்ச்சி அடிக்கும் வாட்டர் ஜெட்தான். அதனால் ஆழம் குறைந்த இடத்திலும் ஓடும். ஆனால் நீண்ட நாள் கடலில் தங்காது. பெரிய அலையில் உள்ளே இருப்பவர்களின் முதுகெலும்பு படாத பாடு படும்.

அதற்கு அடுத்தது 50 மீட்டர் அளவுள்ள விரைவு ரோந்துக் கப்பல். அதற்கும் மேலே ஆழ்கடல் ரோந்துக் கப்பல்கள், ஏறக்குறைய 100 மீட்டர் நீளம், பின்னால் ஹெலிகாப்டர் இறங்க மேடை, முன்னால் 30 மில்லிமீட்டர் பீரங்கி. வேகம் 26 கடல் மைல்தான். சின்னப் படகு வேகமாகப் போகும்போது பெரிய கப்பல் ஏன் மெதுவாகப் போகிறது என்று பிள்ளைகள் கேட்பார்கள். பெரிய கப்பலின் பலம் வேகத்தில் இல்லை. நாள் கணக்கில் கடலில் தங்குவதில் இருக்கிறது. புயல் வீசும்போதும் அது வெளியே நின்றாக வேண்டும்.

இந்த வகையில் விக்ரம் தொடங்கி விக்ரஹா வரை ஏழு கப்பல்களைக் கட்டியது எல் அண்ட் டி நிறுவனம். அதன் கப்பல் கட்டும் தளம் நம் காட்டுப்பள்ளியில், எண்ணூருக்கு வடக்கே இருக்கிறது. ஏழாவது கப்பலான விக்ரஹா 2021 ஆகஸ்டில் சென்னையில் படையில் சேர்க்கப்பட்டது. வியட்நாம் எல்லைக் காவலுக்காகச் செய்து கொடுத்த பன்னிரண்டு அதிவேகப் படகுகளில் முதல் ஐந்தும் காட்டுப்பள்ளியில் கட்டியவைதான். காட்டுப்பள்ளி வளர்ச்சியைப் பற்றி நமக்கு ஆயிரம் வருத்தம் இருக்கிறது, அரிப்பும் முகத்துவாரமும் அதில் அடக்கம். ஆனால் அங்கே வெல்டிங் பிடித்த கைகளின் வேலை இன்றைக்கு வங்கக் கடலில் ஆட்களை மீட்டுக்கொண்டிருக்கிறது. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

இவை போக, சேற்றிலும் மணலிலும் ஏறி ஓடும் ஹோவர்கிராஃப்ட் மண்டபத்தில் இருக்கிறது. எண்ணெய்க் கசிவுக்கென்றே கட்டிய 'சமுத்ர' வரிசைக் கப்பல்களும் உண்டு. வானத்தில் டார்னியர் விமானங்கள். 2015 ஜூனில் சென்னையிலிருந்து ரோந்து போன டார்னியர் ஒன்று மூன்று பேரோடு கடலில் விழுந்தது. நம்மைத் தேடுகிற வேலையிலும் உயிர் போகிறது.

எல்லா நாட்டிலும் இப்படித்தானா?

இல்லை. இந்தப் படைக்கு உலகப் பொது வடிவம் என்று ஒன்று கிடையாது.

அமெரிக்காவில் வேர் 1790-ல் இருக்கிறது. சுங்க வரி ஏய்ப்பைத் தடுக்க நிதியமைச்சர் அலெக்சாண்டர் ஹாமில்டன் பத்துப் பாய்மரக் கப்பல்களுக்கு ஏற்பாடு செய்தார். 1915-ல் உயிர்மீட்புத் துறையோடும் 1939-ல் கலங்கரை விளக்கத் துறையோடும் சேர்ந்து ஒரே குடையானது. அதனால் அங்கே கப்பலின் நிறமே வேலையைச் சொல்லிவிடும். வெள்ளை என்றால் ரோந்து, கறுப்பு என்றால் மிதவைகளைப் பராமரிப்பது, சிவப்பு என்றால் பனிக்கட்டி உடைப்பது. அலையில் கவிழ்ந்தாலும் சில நொடிகளில் தானே நிமிர்ந்துவிடும் 47 அடி உயிர்காக்கும் படகும் வைத்திருக்கிறார்கள். முகத்துவார அலையில் படகு புரண்டு ஆட்களை இழந்த பழவேற்காட்டுக் குடும்பங்களை நினைக்கும்போது, அப்படி ஒரு படகு நம் பக்கமும் இருக்கக் கூடாதா என்று எனக்கு ஏக்கமாக இருக்கும். அங்கே கடற்படைக்குப் பொதுவாகக் கைது செய்யும் அதிகாரம் கிடையாது. போதைப்பொருள் படகைக் கடற்படைக் கப்பல் விரட்டிப் பிடித்தாலும், ஏறிச் சோதிப்பது அதில் கூடவே பயணிக்கும் கடலோரக் காவல் படைக் குழுதான்.

ஜப்பான் நேர்மாறு. 1948-ல் தொடங்கிய அந்தப் படை ராணுவம் அல்ல. அப்படிப் பயிற்சி எடுக்கவும் கூடாது என்று அதன் சட்டமே சொல்கிறது. போக்குவரத்தைப் பார்க்கிற அமைச்சகத்தின் கீழ் இருக்கிறது. கடலடி வரைபடம், கலங்கரை விளக்கம் எல்லாம் அவர்கள் வேலை. நம் நாட்டில் வரைபடம் கடற்படையின் நீரியல் அலுவலகத்திடமும், கலங்கரை விளக்கம் தனித் துறையிடமும் இருக்கின்றன. ஆனாலும் ஜப்பானின் ஷிகிஷிமா என்ற ரோந்துக் கப்பல், 1992-ல் பிரான்சிலிருந்து புளூட்டோனியம் ஏற்றி வந்த கப்பலுக்குத் துணையாக உலகில் பாதியைச் சுற்றிவந்தது. சிவில் படை என்றால் சின்னக் கப்பல் என்று நினைத்துவிடக் கூடாது.

ஜப்பானியக் கப்பல்கள் சென்னைக்குக் கூட்டுப் பயிற்சிக்கு வருவதைப் பார்த்திருப்பீர்கள். அதற்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. 1999 அக்டோபரில் அலோண்ட்ரா ரெயின்போ என்ற ஜப்பானியச் சரக்குக் கப்பலை இந்தோனேசியா அருகே கடற்கொள்ளையர்கள் பிடித்தார்கள். பதினேழு மாலுமிகளை ரப்பர் தெப்பத்தில் இறக்கிவிட்டார்கள். அவர்களைக் கண்டெடுத்தது ஒரு தாய்லாந்து மீன்பிடிப் படகு. கப்பலின் பெயரை மாற்றி எழுதிக்கொண்டு ஓடிய கொள்ளையர்களை நவம்பரில் அரபிக்கடலில் மடக்கியவை நம் காவல் படையின் தாராபாய் கப்பலும் கடற்படையின் பிரஹார் கப்பலும். அடுத்த ஆண்டே கூட்டுப் பயிற்சி தொடங்கியது.

கப்பலே இல்லாத கடலோரக் காவல் படை இருக்கா?

ஏறக்குறைய அப்படித்தான் பிரிட்டனில். 1822-ல் தொடங்கிய அவர்களுடைய படை இன்று பெரும்பாலும் அழைப்பை எடுத்து ஆட்களை ஏவுகிற அமைப்பு. ஹெலிகாப்டர்களைத் தனியார் நிறுவனம் ஓட்டுகிறது. உயிர்காக்கும் படகுகள் 1824-ல் தொடங்கிய ஆர்.என்.எல்.ஐ. என்ற தொண்டு நிறுவனத்துடையவை. நன்கொடையில் ஓடுகிறது, படகில் போகிறவர்களில் பெரும்பாலோர் அந்த ஊர்க்காரர்கள், சம்பளம் வாங்காதவர்கள். கடைக்காரரும் மீனவரும் பேஜர் அடித்ததும் வேலையைப் போட்டுவிட்டு ஓடுவார்கள். நம் குப்பங்களில் ஒரு படகைக் காணோம் என்றால் பத்துப் படகு தானாகக் கிளம்புகிறதே, அந்த மனசு அங்கே பயிற்சியோடும் உபகரணத்தோடும் நிறுவனமாகியிருக்கிறது. நம் இளைஞர்களுக்கு அரசு செய்ய வேண்டிய காரியம் இது. செலவு ஒரு ரோந்துக் கப்பலின் விலையில் சிறு துளி.

மீனுக்காக எந்தப் படையாவது சண்டை போட்டிருக்கா?

ஐஸ்லாந்து. அந்த நாட்டுக்கு ராணுவமே இல்லை. கடலோரக் காவல் படை மட்டும்தான். தன் மீன்பிடி எல்லையை 1958-ல் 12 மைல், 1972-ல் 50 மைல், 1975-ல் 200 மைல் என்று விரித்துக்கொண்டே போனது. பிரிட்டனின் இழுவலைக் கப்பல்கள் ஒத்துக்கொள்ளவில்லை. அவற்றுக்குத் துணையாகப் பிரிட்டிஷ் போர்க்கப்பல்கள் வந்தன. கைவிரல் விட்டு எண்ணக்கூடிய ஐஸ்லாந்துக் கப்பல்கள் செய்தது இதுதான்: கூரான கொக்கிகள் உள்ள வெட்டுக்கருவியைக் கம்பியில் கட்டிக் கடலுக்குள் இழுத்துக்கொண்டு, இழுவலைக் கப்பலின் பின்பக்கமாகக் குறுக்கே போய் வலையின் கம்பிவடத்தை அறுத்துவிட்டன. வலையும் மீனும் அப்படியே அடியில் போகும். கப்பல்கள் மோதிக்கொண்டன. 1976-ல் பிரிட்டன் இறங்கி வந்தது. 200 மைல் என்பது உலக வழக்கமாக மாறியதில் அந்தச் சின்ன நாட்டுக்குப் பெரிய பங்கு உண்டு. வலை அறுபடுவதன் வலி நமக்குத் தெரியும். ஆனால் சொந்த மீன்வளம் இழுவலையில் அழிவதைப் பார்த்து நின்ற மீனவரின் கோபமும் நமக்குப் புரியும்.

கனடா, சீனா, இலங்கை?

கனடாவின் கப்பல்களில் நெடுங்காலமாகப் பீரங்கி கிடையாது. பனிக்கட்டி உடைப்பதும் மீட்பதுமே முதன்மை வேலை. சீனா 2013-ல் பல துறைகளை ஒன்றாக்கி, 2018-ல் படையை ராணுவத் தலைமையின் கீழ் கொண்டுபோனது. உலகின் மிகப் பெரிய கடலோரக் காவல் கப்பல்கள் இப்போது அவர்களிடம்தான்.

இலங்கைக் கடலோரக் காவல் படைக்கான சட்டம் 2009-ல் வந்தது. நம் ராமேஸ்வரம், நாகைப் படகுகளைப் பிடிப்பது பெரும்பாலும் அந்தப் படை அல்ல, இலங்கைக் கடற்படை. அந்த வேறுபாடு சின்னதல்ல: மீன்பிடிப் பிரச்சினையைப் போர்ப்படை கையில் எடுத்தால் அது ஒரு விதமாக நடக்கும், மீட்புப் படை எடுத்தால் வேறு விதமாக நடக்கும். அதே சமயம் 2021 மே மாதம் கொழும்பு அருகே எக்ஸ்பிரஸ் பேர்ல் கப்பல் எரிந்தபோது தீயணைக்கப் போனவை நம் வெள்ளைக் கப்பல்கள்.

எண்ணூர்ல எண்ணெய் ஒதுங்கினப்போ இவ்வளவு பெரிய கப்பல் இருந்தும் ஏன் வாளியால அள்ளுனோம்?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இது. கோபத்தோடு கேட்கப்படுவதும் இதுதான்.

2017 ஜனவரி 28 விடியற்காலையில் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே பி.டபிள்யூ. மேப்பிள், டான் காஞ்சிபுரம் என்ற இரண்டு கப்பல்கள் மோதின. வெளியேறியது கப்பல் இன்ஜினுக்கான கனரக எரிபொருள். அது டீசல் மாதிரி மெல்லியதாகப் பரவி ஆவியாகாது. கடல்நீரோடு அலையில் கடைபட்டு, தண்ணீரையும் உள்ளே வாங்கிக்கொண்டு, களிமண் போலக் கெட்டியாகி அளவில் பெருகும். எர்ணாவூர் பாரதியார் நகர்ப் பக்கம் அரிப்பைத் தடுக்கக் கொட்டிய பாறைகள் இருக்கின்றன. அந்தப் பாறை இடுக்குகளில் போய் அடைந்துகொண்டது. கழிவுநீர் உறிஞ்சும் லாரிகளின் குழாய் அடைத்துக்கொண்டது. கடைசியில் ஆட்கள் இறங்கி, வாளி வாளியாகக் கைமாற்றிக் கரையேற்றினார்கள். கையுறை போதவில்லை. தலைவலியும் தோல் எரிச்சலும் வந்தவர்கள் ஏராளம்.

காவல் படையின் மாசுக் கட்டுப்பாட்டுக் கப்பல் நான்காயிரம் டன்னுக்கு மேல். இரு பக்கமும் கைபோல நீட்டி எண்ணெயை வளைத்து உறிஞ்சுவதற்காகக் கட்டியது. ஆழமான தண்ணீரில்தான் அது வேலை செய்யும். அலை உடையும் இடத்துக்குள் வர முடியாது, வந்தால் தரைதட்டிவிடும்.

தேசிய எண்ணெய்க் கசிவுத் திட்டத்தில் பொறுப்பு இப்படிப் பிரிக்கப்பட்டிருக்கிறது: கடலில் காவல் படை, துறைமுக எல்லைக்குள் துறைமுகம், கரையில் மாநில அரசு. காகிதத்தில் ஒழுங்காகத்தான் இருக்கிறது. ஆனால் எண்ணெய் கடலில் இருக்கும் முதல் சில மணி நேரத்தில் வளைக்கப்படாவிட்டால், அது கரைக்கு வந்து மாநிலத்தின் தலையில் விழும். மாநிலத்திடம் அந்தந்தக் குப்பத்தில் மிதவைத் தடுப்பும் உறிஞ்சியும் பயிற்சி பெற்ற ஆளும் இல்லை என்றால், மிஞ்சுவது வாளி.

2023 டிசம்பர் 4 மிக்ஜாம் புயல் வெள்ளத்தில் இதே குறை வேறு வழியில் வந்தது. மணலிப் பக்கத்துச் சுத்திகரிப்பு ஆலைப் பகுதியிலிருந்து எண்ணெய் வெள்ளநீரோடு பக்கிங்காம் கால்வாயில் இறங்கி, கொசஸ்தலை ஆற்று முகத்துவாரம் வழியாகக் கடலுக்குப் போனது. காட்டுக்குப்பம் பக்கம் படகும் வலையும் சதுப்பு மரங்களின் வேரும் கறுத்துப்போயின. காவல் படை வானிலிருந்து பார்வையிட்டது. ஆனால் ஒரு கழிமுகம் அவர்களுடைய கடலும் அல்ல, துறைமுகமும் அல்ல. அங்கே யார் முதலில் இறங்குவது என்பதற்கு ஆயத்தமான பதில் இல்லை.

என் கருத்து இது. வடசென்னைக்கு இன்னொரு பீரங்கிக் கப்பலை விட அவசரமாகத் தேவைப்படுவது எண்ணூர் முகத்துவாரத்திலேயே நிரந்தரமாக வைத்திருக்கும் மிதவைத் தடுப்புகள், ஆழம் குறைந்த நீரில் ஓடும் சிறு உறிஞ்சிப் படகுகள், அவற்றை இயக்கப் பழகிய உள்ளூர் மீனவர் குழு. 2024 ஆகஸ்டில் சென்னையில் காவல் படையின் பிராந்தியக் கடல் மாசுத் தடுப்பு மையம் திறக்கப்பட்டிருக்கிறது. அங்கே கிடைக்கும் பயிற்சி பாரதியார் நகர், நெட்டுக்குப்பம், தாழங்குப்பம் இளைஞர்களுக்கும் வர வேண்டும். நம் பஞ்சாயத்துகள் மனுவில் எழுத வேண்டிய வாசகம் இதுதான்.

ராக்கெட் விடும் நாள்ல ஏன் கடலுக்குப் போகக் கூடாது?

ஸ்ரீஹரிகோட்டா நமக்கு வடக்கே இருக்கிறது. ஏவும்போது கழன்று விழும் பாகங்கள் கடலில் விழும். அந்தப் பரப்பைக் காலியாக வைக்கக் காவல் படை ரோந்து போகிறது. அறிவிப்பு முன்கூட்டியே மீன்வளத் துறை வழியாக வரும். பழவேற்காட்டுக்காரர்கள்தான் அதிகம் நாள் இழக்கிறார்கள், அந்த நாட்களுக்கு இழப்பீடு கேட்பது நியாயம்.

எங்க பையன் சேர முடியுமா?

முடியும். நாவிக் என்ற மாலுமி வேலையில் பொதுப் பணிக்குப் பன்னிரண்டாம் வகுப்பில் கணிதமும் இயற்பியலும் படித்திருக்க வேண்டும். சமையல், பரிமாறல் போன்ற வேலைகளைப் பார்க்கும் டொமஸ்டிக் பிரிவுக்குப் பத்தாம் வகுப்பு போதும். வயது 18 முதல் 22 வரை, ஒதுக்கீட்டுப் பிரிவினருக்குத் தளர்வு உண்டு. டிப்ளமோ முடித்தவர்களுக்கு யாந்த்ரிக் என்ற தொழில்நுட்பப் பணி. பட்டம் படித்த பெண் பிள்ளைகள் அதிகாரியாக, உதவி கமாண்டன்டாகச் சேரலாம். மீனவர் வீட்டுப் பிள்ளைகளுக்கு இந்தத் தேர்வுகளுக்கென்று தமிழ்நாடு அரசு கடலோரப் பாதுகாப்புக் குழுமம் வழியாகப் பயிற்சி நடத்துகிறது. மீன்வளத் துறை அலுவலகத்தில் அடுத்த அறிவிப்பு எப்போது என்று கேளுங்கள்.

உடல் தேர்வில் 1.6 கிலோமீட்டரை 7 நிமிடத்தில் ஓட வேண்டும், 20 உட்கார்ந்தெழல், 10 தண்டால். வலை இழுத்த உடம்புக்கு அது பெரிதில்லை. நம் பிள்ளைகள் தோற்பது எழுத்துத் தேர்வில், அதிலும் கணக்கில். பதினோராம் வகுப்பில் எந்தப் பிரிவு எடுப்பது என்று முடிவு செய்யும்போதே இதை நினைவில் வைத்து, கணிதம் உள்ள பிரிவில் சேருங்கள்.